ஒரு வருட அவகாசம்

கடந்த இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ரெஸ்ரோரண்டின் தலைமைச் சமையற்காரர் என்னைக் கொங்ஸ்விங்கருக்கு ஒரு பழைய வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். வீடு அவருக்கு. வாசிப்பு எனக்கு. "தம்பி, நீ கம்பஸில படிச்சனி. உந்த ரிப்போட்டை வடிவா வாசிச்சு எனக்குச் சொல்லு" என்றார். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய், இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2010 இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டவன். முடிக்காத படிப்புக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

அண்ணை எண்பதுகளின் கடைசியில் வந்தவர். வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் பத்து வருடம் நின்று மீன் வெட்டியவர். பிறகு எல்லோரையும் போல ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து இன்றுவரை வாடகை வீட்டில் இருக்கிறார். வேலையால் ஓய்ந்த பிறகு முற்றம் உள்ள ஒரு வீட்டில் இருந்து சாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தக் குளிரில் அந்த முற்றத்தில் கறிவேப்பிலை நிற்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

கொங்ஸ்விங்கர் ஒஸ்லோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள். குளொம்மா ஆறு ஊரைச் சுற்றி வளைந்து போகிறது. மேட்டில் சுவீடன்காரருக்குப் பயந்து 17 ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. நாங்கள் பார்க்கப் போன வீடு பட்டினத்துக்கு வெளியே, காட்டு விளிம்பில் இருந்தது. கருங்கல் அத்திவாரத்தின்மேல் மரக்குற்றிகளை மூலையில் ஒன்றோடொன்று கொளுவி அடுக்கிய பழைய வீடு. தாய் இறந்த பிறகு மூன்று பிள்ளைகள் சேர்ந்து விற்கிறார்கள். நிலவறைத் தட்டுகளில் பழப்பாகுப் போத்தல்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் அந்த அம்மாவின் கையெழுத்தில் வருடம் எழுதி ஒட்டியிருந்தது. கடைசிப் போத்தல் 2021.

நோர்வேயில் வீடு விற்பவர் இன்று ஒரு நிபுணரைக் கொண்டு வீட்டின் உடல்நிலையை எழுதுவித்துத்தான் சந்தைக்குக் கொண்டுவருகிறார். 2022 சனவரி 1 முதல் சட்டம் இறுகிவிட்டது. அதற்கு முன்னர் "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு விற்பவர் கைகழுவலாம். இப்போது சாதாரண குடிமகனுக்கு விற்கும்போது அந்த வரி செல்லாது. அறிக்கையில் கூரை, சுவர், அத்திவாரம், குளியலறை, மின்சாரம் என்று ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்றுவரை புள்ளி. பூச்சியம் என்றால் புதிது போல. மூன்று என்றால் பாரதூரம். திருத்த எவ்வளவு முடியும் என்ற மதிப்பும் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அறிக்கையில் எழுதியிருப்பதை வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே வாசிக்காதவன் செத்தான்.

நான் சமையலறை மேசையில் இருந்து வாசித்துச் சொன்னேன். நிலவறைச் சுவரில் ஈரம், மூன்று. வீட்டைச் சுற்றி நீர் வடியும் ஒழுங்கு இல்லை, மூன்று. மின்சாரப் பெட்டியில் இன்னும் பீங்கான் பியூஸ். வெளிச்சுவரின் ஒரு பக்கத்தை எழுபதுகளில் யாரோ உள்ளிருந்து பிளாஸ்ரிக் தாளும் பஞ்சும் வைத்து மூடியிருக்கிறார்கள்; மூச்சுவிட்டுக் காய்ந்துகொண்டிருந்த மரம் அதற்குப் பிறகு உள்ளுக்குள் உக்கத் தொடங்கியிருக்கிறது. நிலத்துக்குள் பழைய எண்ணெய்த் தாங்கி. வீட்டைச் சூடாக்கக் கனிய எண்ணெய் எரிப்பதை 2020 இல் இந்த நாடு தடைசெய்துவிட்டது; தாங்கியைக் கிளப்பும் செலவு வாங்குபவர் தலையில்.

அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிணறு இருக்கோ?" என்றார்.

கிணறு இருந்தது. மூடியிருந்தது.

இந்த நாட்டார் வீட்டை எழுத்தில் மதிப்பிடுவது நேற்று வந்த பழக்கமல்ல. 1767 இல் பட்டினங்களுக்கென்று அரச தீக்காப்புறுதி நிதியைத் தொடங்கியபோது, எத்தனை மாடி, எத்தனை அடுப்பு, கூரை ஓடா புல்லா, எரிந்தால் என்ன பெறுமதி என்று ஒவ்வொரு வீட்டையும் ஆள் போய்ப் பார்த்து எழுதினார்கள். 1838 இலும் 1886 இலும் நாட்டின் பண்ணைகளையெல்லாம் வரிக்காக மதிப்பிட்டு அச்சுப் பதிவேடுகள் வந்தன. இங்கே ஒருவர் தன் பூட்டனின் வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். எங்களிடமும் ஒல்லாந்தர் எழுதிய காணித் தோம்புகள் இருந்தன. காணியின் பெயர், பரப்பு, உடையவன் பெயர் எல்லாம் அவற்றில் உண்டு. இன்றைக்கும் எங்கள் உறுதிகளில் காணிக்கு வரும் விசித்திரமான பெயர்களில் பல அந்த வழியாக வந்தவை. ஆனால் தோம்பு வரிக்காரனின் கண்ணால் பார்த்தது. அதில் காணி இருக்கும், வீட்டின் மூச்சு இருக்காது.

வெளியே வந்தபோது பக்கத்துக் காணிக்காரக் கிழவர் வேலியில் சாய்ந்து நின்று கதை கொடுத்தார். தன்னுடைய பண்ணை 'ஊடெல்' நிலம், இவர்களுடையது சிறிய வளவு, அதனால் யாரும் வாங்கலாம் என்றார். ஊடெல் என்ற சொல் எனக்கு எங்கள் ஊடலைத்தான் நினைவுபடுத்தியது. குடும்பக் காணிச் சண்டைக்கும் அது பொருந்தாத சொல்லல்ல.

ஊடெல் உரிமை என்பது இதுதான்: ஒரு பண்ணையை ஒரு குடும்பம் 20 வருடம் சொந்தமாக வைத்திருந்தால், அதைப் பிறத்தியாருக்கு விற்றாலும் குடும்பத்தில் உரித்துள்ளவர் வழக்கு வைத்து மீட்டுக்கொள்ளலாம். 1274 இல் மன்னன் மாக்னுஸ் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் எழுதுவித்தபோதே இந்த வழக்கம் பழையது. 1814 இல் அரசியலமைப்பு எழுதியவர்கள் ஊடெல் உரிமையை எந்தக் காலத்திலும் ஒழிக்கக்கூடாது என்று அதற்குள்ளேயே எழுதிவைத்தார்கள். இன்று நடைமுறையிலிருப்பது 1974 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன் மூத்த மகனுக்கே முதலிடம்; 1965 க்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளைகளுக்குச் சகோதரர்களுக்குச் சமமான இடத்தை அந்தச் சட்டம் கொடுத்தது. மீட்பவர் சந்தை விலையைக் கொடுக்கவேண்டியதில்லை, பண்ணையாக அதன் பெறுமதி என்னவோ அதை மதிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. மீட்டவர் ஒரு வருடத்துக்குள் அங்கே குடிபுக வேண்டும். பிறகு பல வருடங்கள் தானே அங்கே வாழ்ந்து பண்ணையை நடத்த வேண்டும். ஒஸ்லோவில் இருந்துகொண்டு "அது எங்கட பரம்பரை நிலம்" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ரயிலில் திரும்பும்போது எனக்கு அந்த 'ஒரு வருடம்' மனதில் தட்டிக்கொண்டே வந்தது. எங்கேயோ வாசித்த ஒரு வருடம். எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

*

அதற்கு மூன்று கிழமைக்கு முன்புதான் சாவகச்சேரியிலிருந்து அக்கா ரெலிபோன் எடுத்திருந்தா. "வீட்டைப் பாக்க ஒராள் வந்து போறார் தம்பி. நல்ல விலை சொல்லுறார். நீ என்ன சொல்லுறாய்?"

அம்மாவின் சீதன வீடு அது. அம்மா உறுதி ஒன்றும் முடிக்காமல் 2019 இல் கண்ணை மூடிவிட்டா. ஐயா அதற்கும் முந்தியே போய்விட்டார். ஆகவே அக்காவும், இலண்டனில் இருக்கும் அண்ணாவும், நானும் பங்காளர். அக்கா தன் வீட்டில் இருக்கிறா. இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

கொங்ஸ்விங்கர் போய் வந்த அடுத்த கிழமை, அக்காவைக் கைத்தொலைபேசியோடு வீட்டைச் சுற்றி நடக்கச் சொன்னேன். இங்கே நிபுணர் எழுதுவது போல ஒரு அறிக்கை எழுதிப் பார்க்கலாம் என்று ஒரு விசர் எண்ணம். வெங்காயம் உரிக்கும் இடைவேளையில் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

நாற்சார் வீடு. நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிவர விறாந்தை. தலைவாசல் நிற்கிறது. சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். வளைகளும் கைமரமும் முதிர்ந்த பனை. வயிரம் பாய்ந்த பனையைக் கறையான் தொடுவதில்லை என்பார்கள். மூன்று பக்கத்தில் அது உண்மையாக இருக்கிறது. நாலாம் பக்கம், குசினிப் பக்கம், கூரையே இல்லை. ஓடுகள் மங்களூர் ஓடு. 1865 இல் பாசல் மிசன்காரர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு, அந்த ஓடு கப்பலேறி எங்கள் கரைகளுக்கும் வந்து, ஓலையும் கிடுகும் போட்ட யாழ்ப்பாணத்து வீடுகளின் முகத்தை மாற்றியது. யார் வீட்டில் ஓடு, யார் வீட்டில் ஓலை என்பதும் அன்று வெறும் பணத்தால் மட்டும் முடிவான விசயமல்ல. சில சாதியினர் ஓட்டு வீடு கட்டினால் கட்டிய வீடு நிற்காது. இதைப் பிறகு சொல்கிறேன்.

மேற்குச் சுவரில் செல் விழுந்த இடத்தைச் சீமெந்தால் அடைத்திருக்கிறது. அந்த ஒட்டைச் சுற்றிச் சுவர் பொருமி உதிர்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதற்குமேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் உள்ளே அகப்பட்டுப் போய்ச் சுவரைத் தின்னும். கொங்ஸ்விங்கர் வீட்டின் பிளாஸ்ரிக் தாளும் இந்தச் சீமெந்தும் செய்தது ஒரே வேலை. இரண்டும் நல்ல எண்ணத்தோடுதான் வைக்கப்பட்டன.

கதவு நிலைகள் நாலு இல்லை. யன்னல்கள் ஒன்றும் இல்லை. கிணறு நல்ல நிலை, துலா இல்லை. நோர்வே அறிக்கையில் நிலத்திலிருந்து கிளம்பும் ராடோன் வாயுவைப் பற்றி ஒரு பந்தி வரும். எங்கள் அறிக்கையில் அந்த இடத்தில் மிதிவெடி வரவேண்டும். வளவு துப்புரவாக்கப்பட்டது என்றா அக்கா.

இந்தச் சேதங்களுக்கெல்லாம் திகதி உண்டு. 2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. மே மாதம் புலிகள் சாவகச்சேரிக்குள் வந்தார்கள். செப்ரம்பரில் இராணுவம் திரும்பவும் பட்டினத்தைப் பிடித்தது. அந்த ஐந்து மாதத்தில் எறிகணையாலும் குண்டாலும் சாவகச்சேரி நொருங்கியது. நாங்கள் மே மாதமே வெளிக்கிட்டுவிட்டோம். எனக்கு 12 வயது. 2002 பெப்ரவரியில் நோர்வேயின் நடுநிலையோடு யுத்தநிறுத்தம் வந்து திரும்பிப் போனபோது குசினியின் பனை வளைகள் பக்கத்துக் காணிப் பங்கருக்கு மேல் கிடந்தன. யார் கழற்றியது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பிறகு ஒரு உத்தியோகத்தர் வந்து ஒரு படிவத்தில் 'பகுதிச் சேதம்' என்று எழுதிக்கொண்டு போனார். எங்கள் வீட்டைப் பற்றி என் வாழ்நாளில் அரசு எழுதிய ஒரே மதிப்பீடு அந்த இரண்டு சொல்தான்.

அறிக்கையை முடித்துக் கூட்டிப் பார்த்தேன். சந்தைக் கணக்கில் வீட்டுக்குப் பெறுமதி இல்லை. காணிக்கு மட்டும்தான் விலை. வாங்க வந்தவரோ வீட்டுக்கும் சேர்த்து விலை சொல்லியிருந்தார்.

*

வாங்க வந்தவர் யார் என்பதை அக்கா இரண்டாவது ரெலிபோனில்தான் சொன்னா. எங்கள் பனங்காணியில் சீவல் தொழில் செய்தவரின் பேரன். கட்டாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து பட்டினத்தில் கடை வைத்திருக்கிறார்.

அன்றிரவே ரொறன்ரோவிலிருந்து மாமா எடுத்தார். அம்மாவின் தம்பி. அவருடைய பங்கு, அம்மாவின் காணிக்கு அடுத்த காணி. அதுவும் பற்றை பிடித்துக் கிடக்கிறது. "மருமோன், ஆருக்கு விக்கிறது எண்டு ஒரு முறை இருக்கு. தேசவழமையில அடுத்த காணிக்காரனைக் கேட்டுத்தான் விக்கலாம். நான் சம்மதியன். வேணுமெண்டால் நானே வாங்குறன்."

"மாமா, அவை சொல்லுற விலையைத் தருவியளோ?"

"விலையைப் பற்றி இப்ப என்ன? முதல்ல நிப்பாட்டு."

படிப்பை முடிக்காதவனுக்கு ஒரு குணம் உண்டு. யாராவது சட்டம், வரலாறு என்று சொன்னால் போய்ப் பார்க்காமல் நித்திரை வராது. நூலகம் இணையத்தளத்தில் தேசவழமை பற்றி இருப்பவற்றைத் தேடி வேலை முடிந்த இரவுகளில் வாசித்தேன். முத்துக்கிருஷ்ணா 1862 இல் வெளியிட்ட பதிப்பிலிருந்து தம்பையாவின் நூல்வரை இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர்.

ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சிமொன்ஸ் உத்தரவிட, யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எங்கள் வழக்கங்களைக் கேட்டறிந்து ஒல்லாந்த மொழியில் எழுதி 1707 சனவரியில் முடித்தார். ஜான் பைரஸ் என்பவர் அதைத் தமிழாக்கினார். 12 முதலியார்மார் வாசித்துப் பார்த்து, சரி என்றார்கள். 1806 இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அந்தப் 12 பேரும் யார், எந்தச் சாதி என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சீவல் தொழிலாளி ஒருவரிடமும் ஐசாக்ஸ் வழக்கம் என்னவென்று கேட்டிருக்க மாட்டார்.

விற்பனை பற்றிய பகுதியில் மாமா சொன்னது இருக்கத்தான் செய்கிறது. காணி, தோட்டம், அடிமை இவற்றில் எதையும் ஒருவர் பிறத்தியாருக்கு விற்குமுன் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அறிவிக்க வேண்டும். காணியை ஈடாக வைத்திருக்கக்கூடிய அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் அதைத் தாங்களே வாங்கக் கேட்கலாம். காணியோடு ஒரே மூச்சில் அடிமையையும் எழுதியிருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் என்று அடிமைகளின் பெயர்ப்பட்டியல் அதே சட்டத்தில் இன்னொரு பகுதியில் வருகிறது. அடிமைமுறை இலங்கையில் சட்டப்படி ஒழிந்தது 1844 இல். மாமா 'முறை' என்று சொன்னது எந்தத் தாளில் எழுதியிருந்தது என்று அப்போது விளங்கியது. அந்தத் தாளில் வாங்க வந்தவரின் பூட்டன் வாங்குபவர் பக்கத்தில் இல்லை, விற்கப்படும் பொருட்களின் பக்கத்தில் இருந்தார்.

அதற்குக் கீழேதான் நான் தேடிய ஒரு வருடம். முற்காலத்தில் அறிவித்தலுக்குக் கொடுத்த தவணை: உரித்தாளர் அதே ஊரில் இருந்தால் ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேறு ஊரில் இருந்தால் இரண்டு மாதம். வேறு மாகாணமென்றால் மூன்று மாதம். பிறநாட்டில் இருந்தால் ஒரு வருடம். ஒல்லாந்தர் பிறகு இதை மாற்றி, மூன்று ஞாயிறு தேவாலயத்தில் கூறினால் போதும் என்று ஆக்கினார்கள்.

முன்னூறு வருடத்துக்கு முந்தியே எங்கள் ஊரில், கடல் கடந்து போனவனுக்காக வீட்டுக்காரர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று முறை இருந்திருக்கிறது. அந்த வரியைக் கண்டபோது, உண்மையைச் சொன்னால், என் கண் கலங்கிவிட்டது. இரவு இரண்டு மணி, கையில் வெள்ளைப்பூண்டு மணம். என்னை நினைத்து யாரோ எழுதியது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. நோர்வேக்காரனின் ஒரு வருடம் வந்து குடியிரு என்கிறது. எங்களுடைய ஒரு வருடம் அவனுக்காகக் காத்திரு என்கிறது. போனவன் வந்து குடியிருப்பானா என்று அது கேட்கவே இல்லை.

இனி மாமாவின் சட்டத்துக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இந்த முதலில் வாங்கும் உரிமையைச் சுருக்கிவிட்டது. காணியின் பங்காளருக்கும், விற்பவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் யார் உரித்தாளர் ஆவாரோ அவருக்கும் மட்டுமே உரிமை. அயற்காணிக்காரர் அந்த வருடமே வெளியே போய்விட்டார். அக்காவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அண்ணாவுக்கு இருக்கிறார்கள், எனக்கும் ஒரு மகள். மாமாவுக்கு இடமே இல்லை.

அதோடும் முடியவில்லை. காணிகளைப் பிறநாட்டவருக்குக் கைமாற்றுவதைக் கட்டுப்படுத்த இலங்கை 2014 இல் 38 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி பிறநாட்டுப் பிரசை காணி வாங்க முடியாது. நெருங்கிய உறவிடமிருந்து உரித்தாக வந்தால் வைத்திருக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாமாவிடம் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு மட்டும். நான் நோர்வேப் பிரசையானது 2018 இல். நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தது 2020 சனவரி 1 இல். நான் இலங்கைப் பிரசாவுரிமையை இழந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே தேசவழமைப்படி அக்காவின் பங்கை முதலில் வாங்க எனக்கு உரிமை உண்டு. 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி என்னால் அதை வாங்க முடியாது. அம்மா இறந்ததால் மூன்றில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எங்களை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. போனால் மாமாவின் கேள்வி மறைந்துவிடும். இடம்பெயர்ந்தவர்களின் காணியைப் பிறர் ஆட்சி செய்து பத்து வருடத்தில் உரிமையாக்கிக்கொள்ளும் ஆபத்துக்கு எதிராக, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்கு வைக்க 2016 இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. தேவையான சட்டம். ஆனால் எங்கள் வீட்டை யாரும் பிடிக்கவில்லை. ஒருவர் வாசலில் வந்து நின்று, முழு விலையும் தருகிறேன் என்கிறார்.

நான் இதையெல்லாம் மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சட்டம் கிடக்கட்டும். அந்தக் கிணத்தில அவை தண்ணி அள்ளுறதை உன்ர அம்மா பாத்துக்கொண்டு இருப்பாவோ?"

*

பார்த்துக்கொண்டு இருந்தா. எனக்குத் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு வந்தது. மழை. எனக்கு ஏழு வயது. செம்மணியையும் நாவற்குழியையும் தாண்டி விடியவிடிய வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் விறாந்தையிலும் முற்றத்திலும் மாட்டுக்கொட்டிலிலும் கிட்டத்தட்ட நாற்பது பேர். ஆசிரியர் குடும்பம் ஒன்று, சலவைத் தொழிலாளி குடும்பம் ஒன்று, பெயர் தெரியாத ஒரு கிழவி. மூன்றாம் நாள் எங்கள் உறவினர் ஒருவர் அம்மாவைக் கூப்பிட்டு, கிணற்றில் யார் யார் அள்ளுகிறார்கள் என்று பார்த்தாயா, வாளியை எடுத்து உள்ளே வை, நீயே அள்ளி ஊற்று என்றார். அம்மா வாளியை எடுத்து உள்ளே வைத்தா. அன்று பின்னேரம்வரை தானே துலாவை இழுத்து இழுத்து எல்லோருக்கும் ஊற்றினா. நாற்பது பேர். இருட்டும்போது வாளியைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டா. கை வலியா, வேறு ஏதாவதா என்று நான் இதுவரை தீர்மானிக்கவில்லை. அம்மாவைப் புரட்சிக்காரி ஆக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த நாளிலிருந்து எல்லோரும் அள்ளினார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வரும்வரை அள்ளினார்கள்.

தேநீர்க்கடையிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒருவரைச் சாதி சொல்லித் தடுப்பதை 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் குற்றமாக்கியது. அதை நடைமுறைப்படுத்த ஆட்கள் அடிபட வேண்டியிருந்தது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாருக்கு வீடு விற்பது என்பது விற்பவனின் மனத்துக்குள் நடக்கிற விசயம். அங்கே ஒரு சட்டமும் போய் நிற்பதில்லை. "பங்காளர் சம்மதிக்கவில்லை", "வெளிநாட்டில் இருக்கிறவையைக் கேக்கவேணும்" என்று ஒரு வார்த்தை போதும். பூட்டிக்கிடக்கும் எத்தனையோ நாற்சார் வீடுகள் இப்படி எங்களைக் கேட்டுக் கேட்டு விழுந்துகொண்டிருக்கின்றன. நாங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்து "விக்க வேண்டாம்" என்கிறோம். அதை ஊர்ப்பற்று என்று நினைத்துக்கொள்கிறோம். சிலவேளை ஊர்ப்பற்றுத்தான்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மாமா மறித்தபோது எனக்கு உள்ளூர ஒரு ஆறுதல் வந்தது. அவர் மறித்தால் பழி அவருக்கு, வீடு எனக்கு. விற்காத வீடு ஒன்று எங்கேயோ நிற்கும்வரை நான் திரும்பிப் போகக்கூடிய ஆள். ரெஸ்ரோரண்டின் பின்கதவில் குப்பைப் பையோடு நிற்கும்போது அது ஒரு பெரிய சொத்து. அந்தச் சொத்தைக் காப்பாற்ற மாமாவின் சாதியையே வேலியாகப் பாவிக்க நான் ஆயத்தமாக இருந்தேன், இரண்டு கிழமைக்காவது.

அண்ணை கொங்ஸ்விங்கர் வீட்டுக்கு விலை கேட்டார். இங்கே ஏலம் கைத்தொலைபேசியில் நடக்கிறது. பார்வையிட்ட அடுத்த நாள் பன்னிரண்டு மணிவரை தவணை. நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்க, அரிசி கொதிக்க, அவர் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏற்றினார். மற்றப் பக்கத்தில் ஒருவர் விடாமல் ஏற்றினார். பிறகு அறிந்தோம், அது விற்கும் மூன்று பிள்ளைகளில் இளைய மகள். வாரிசுகளில் ஒருவரும் விலை கேட்கக்கூடும் என்று விற்பனைத்தாளிலேயே எழுதியிருந்தது. நான்தான் வாசித்தும் சொன்னேன். அண்ணை கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். "தாய்ன்ர வீட்டை மகள் எடுக்கிறாள். எடுக்கட்டும். ஆனா எங்களை விடக் கூடத் தந்துதான் எடுக்கிறாள், பாத்தியே" என்றார். நிலவறை ஈரத்தை அந்தப் பெண்தான் இனிப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு அன்று இரவே சொன்னேன், விற்போம் என்று. அண்ணாவும் இலண்டனில் இருந்து ஓம் என்றார். வாங்குபவர் வீட்டை இடிக்கப் போகிறாரா என்று கேட்கச் சொன்னேன். கேட்க எனக்கு என்ன உரிமை என்று தெரியாமலே கேட்டேன். குசினிப் பக்கத்துக்கு ஓடு எங்கே எடுக்கலாம் என்று தன்னிடம் விசாரித்ததாகச் சொன்னா அக்கா. மங்களூர் ஓடு இப்போது கிடைப்பது கஷ்டம், இடிக்கிற வீடுகளில்தான் எடுக்கவேண்டும். மேற்குச் சுவரின் சீமெந்தை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசச் சொல்லுங்கோ என்றேன். "நீ அதையும் எழுதி அனுப்பு" என்றா. என்னுடைய கொப்பி அறிக்கையைத் துப்புரவாகப் பிரதிபண்ணி அனுப்பினேன், புள்ளிகளோடு.

கையொப்பத்துக்கு அற்றோணித் தத்துவம் வேண்டும். ஒஸ்லோவில் இருந்த இலங்கைத் தூதரகம் 2022 ஏப்ரலோடு மூடப்பட்டுவிட்டது. ஸ்ரொக்ஹோமுக்குத்தான் போகவேண்டும். இரண்டு நாள் விடுமுறை கேட்டேன், ஒரு நாள் கிடைத்தது. இரவு பஸ்ஸில் போய், கடுதாசியை முடித்துக்கொண்டு, அடுத்த இரவு பஸ்ஸில் திரும்பினேன். எல்லையைத் தாண்டும்போது மாமாவிடமிருந்து ஒரு குரற்செய்தி வந்திருந்தது. கேட்கவில்லை. விடிய ஆறரைக்கு ஒஸ்லோவில் இறங்கி, பத்து மணிக்கு வேலைக்குப் போனேன்.